ஆனையிறவு வழியில் ஒரு பிள்ளைப்பேறு

பஸ்காரர் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தார். லெச்சுமி எழும்பவில்லை.

இரண்டு பக்கமும் கடல்நீர் வற்றி, வெள்ளை வெள்ளையாய் உப்புப் படிந்து கிடந்த ஆனையிறவு வீதியின் நட்டநடுவில் எங்கள் பசுமாடு முன்னங்கால்களை மடித்து உட்கார்ந்துவிட்டது. சோளகக் காற்று என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. வாயைத் திறந்தால் நாக்கில் உப்புக் கரித்தது. இவர் கயிற்றை இழுக்கிறார், முதுகில் தட்டுகிறார், காதுக்குள் ஏதோ சொல்லிக் கெஞ்சுகிறார். எங்கள் நாய் வீமன் பஸ்ஸின் முன்சில்லுக்கு நேரே நின்று அதைப் பார்த்துக் குரைக்கிறான். நான் தலையில் ஒரு ஈரச்சாக்குக் கட்டோடு நிற்கிறேன்.

அந்தச் சாக்குக்குள் என் தோட்டம் இருந்தது.

கலியாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மற்றப் புதுப் பெண் மாப்பிள்ளைகள் பட்டும் சரிகையுமாக விருந்துக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். நாங்கள் மாடு சாய்த்து ஓட்டிக்கொண்டு போனோம். அதிலே எனக்கு ஒரு துளி மனக்குறையும் இருக்கவில்லை. இப்போது எழுத உட்காரும்போதுகூட அந்தக் காலைப்பொழுது எனக்குள் துள்ளிக்கொண்டு வருகிறது.

லொறியில் ஏறாத மாடு

போன கிழமை என் கலியாணக் கதையைப் படித்தவர்களுக்கு, இவருக்குக் கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்திருந்தது தெரியும். மூன்று ஏக்கர் வயல், வீட்டுக்கென்று ஒரு மேட்டுத் துண்டு, ஓரத்தால் குளத்துத் தண்ணீர் ஓடும் ஒரு வாய்க்கால். கலியாணத்துக்கு முன்பே ஒரு வருஷம் அங்கே தனியாக இருந்து காடு வெட்டி, மண்சுவர் எழுப்பி, கிடுகு வேய்ந்து ஒரு குடிலும் போட்டிருந்தார்.

நான் பளையில் பிறந்து வளர்ந்தவள். வடக்கே யாழ்ப்பாணம்வரை போயிருக்கிறேன். தெற்கே ஆனையிறவுக்கு அங்கால் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்றே சொற்கள்தான்: காடு, யானை, காய்ச்சல். முதல் வெள்ளாமை வெட்டி முடியட்டும், அதற்குப் பிறகு பிள்ளையை அனுப்பலாம் என்று அம்மா ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது சொன்னார்.

எனக்கோ கால் நிலத்தில் நிற்கவில்லை. வாய்க்காலில் இறங்கிக் குளிக்கலாமா, வளவுக்குள் மயில் வருமா என்று இவரைத் துளைத்துக்கொண்டிருப்பேன். இவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

"வரும். வந்து மிளகாய்க் கண்டைத் தின்னும்" என்பார். அவ்வளவுதான். அது போதும் எனக்கு. இரவெல்லாம் மயிலாகவே கனவு வரும்.

ஐயா எனக்குத் தந்த சீதனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது லெச்சுமிதான். செம்மண் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி, ஒரு கொம்பு மட்டும் கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும். என்னைத் தவிர வேறு ஆர் மடியில் கை வைத்தாலும் உதைப்பாள். அப்போது அவள் சினை. கன்று போட இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது என்று ஐயா கணக்குப் பார்த்து வைத்திருந்தார்.

சாமான் ஏற்ற லொறி வந்தது. பெட்டி, பானை, உரல், நெல்மூட்டை எல்லாம் ஒழுங்காக ஏறின. கடைசியாகப் பலகை வைத்து லெச்சுமியை ஏற்றப் பார்த்தார்கள். அவள் முன்காலைப் பலகையில் வைத்த நேரம் டிரைவர் இயந்திரத்தை முடுக்கினார். பலகை நடுங்கியது. ஒரே பாய்ச்சல். கயிற்றைப் பிடித்திருந்த சித்தப்பா வேலிக்குள் போய் விழுந்தார். பிறகு நாலுபேர் சேர்ந்து தள்ளியும் லெச்சுமி அந்த லொறிக்குக் கிட்டவே போகவில்லை.

மாடு இஞ்சை நிற்கட்டும், கன்று போட்ட பிறகு பார்ப்போம் என்றார் ஐயா.

"நான் நடத்திக்கொண்டு போறன்" என்று சொன்னது நான்தான்.

முற்றத்தில் நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து இவரைப் பார்த்தார்கள். புது மாப்பிள்ளை ஒரு சத்தம் போட்டு இந்த விசர்க்கதையை நிறுத்துவார் என்று அம்மா எதிர்பார்த்தது முகத்திலேயே தெரிந்தது.

இவர் மாட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மெல்ல மெல்ல நடந்தா போயிடலாம், மாமி" என்றார்.

கலியாணம் பேசிச் செய்தது. அதுவரை நானும் இவரும் தனியே கதைத்தது கொஞ்சம்தான். ஆனால் அந்த ஒரு வசனத்தோடு இவரை எனக்கு நன்றாகப் பிடித்துப்போனது.

சொல்லாமல் வந்தவன்

புறப்படுகிற அன்று விடியவே எழும்பி, வளவைச் சுற்றி வந்து கம்பு வெட்டினேன். முருங்கைத் தடி, அடுக்குச் செவ்வரத்தை, மாதுளை, கிணற்றடி மல்லிகை. வேரோடு கிளப்பிய ஒரு கறிவேப்பிலைக் கன்று. எல்லாவற்றையும் வாழைச்சருகில் சுற்றி, நனைத்த சாக்கில் கட்டினேன். வழியில் தெளிக்க ஒரு தகரப் போத்தலில் தண்ணீர். அங்கே இல்லாத மரமா என்று கேட்டார் அம்மா. காட்டில் மரம் இருக்கும், மல்லிகை இருக்குமா?

வீமனைக் கூட்டிப் போகிற எண்ணம் ஒருவருக்கும் இருக்கவில்லை. அவன் அம்மாவுக்குத் துணையாக நிற்க வேண்டியவன். எலும்பும் தோலுமான ஒரு நாய். குட்டியாக வந்த அன்றைக்கே எல்லாருடைய சோற்றையும் தின்று முடித்ததால் ஐயா அந்தப் பெயரை வைத்தார். தின்றதெல்லாம் எங்கே போனதோ, உடம்பில் ஒட்டவே இல்லை. அவனைக் கிணற்றடித் தென்னையில் கட்டிவிட்டுத்தான் புறப்பட்டோம். இயக்கச்சிக்குக் கிட்ட வந்து திரும்பிப் பார்த்தால், கழுத்தில் கடித்தறுத்த கயிற்றுத் துண்டு தொங்க, எங்களுக்குப் பின்னால் ஓடி வருகிறான். வீட்டுக்குப் போகச் சொல்லி இவர் அதட்டினார். வீமன் வீதியோரத்தில் உட்கார்ந்து, வேறு யாரையோ பேசுகிறார்கள் என்பதுபோல பனங்கூடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் லெச்சுமியின் தாயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஐயா அதைப் பூநகரியிலிருந்து வாங்கி வந்தவர். வந்த கிழமையே அது கட்டை அறுத்துக்கொண்டு காணாமல் போனது. தேடாத இடமில்லை. கடைசியில் பார்த்தால் அது ஆனையிறவைக் கடந்து, பரந்தனால் சுற்றி, பூநகரியில் தன் பழைய பட்டிக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. திரும்பக் கொண்டு வந்தார். திரும்பவும் போனது. பிறகு லெச்சுமி பிறந்தபிறகுதான் அதற்குப் பளை பிடித்தது. இந்த நடை அவளுக்கு இரத்தத்தில் இருக்கிறது, பயப்படாதேயுங்கோ என்று நான் வழியெல்லாம் இவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இயக்கச்சியில் ஐயாவின் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் வெயிலுக்கு முன் ஆனையிறவைக் கடந்துவிட வேண்டுமென்று விடியப்புறமே புறப்பட்டோம்.

ரயில் வந்த நேரம்

முதல்முறை அந்தத் திறந்த வெளியைப் பார்த்தபோது நான் நின்றுவிட்டேன். வேலி இல்லை, பனை இல்லை, ஒரு மறைப்பும் இல்லை. வானம் தரையில் வந்து இறங்கியிருந்தது. தூரத்தே நீர் மிஞ்சியிருந்த இடத்தில் செங்கால் நாரைகள் வரிசையாக நின்றன. உப்பளத்துக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. நான் கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். இவர் சிரித்தார். இவருடைய பல் தெரிகிற சிரிப்பை அன்றைக்குத்தான் கண்டேன்.

பாதித் தூரம் வந்திருப்போம். வீதிக்குப் பக்கத்திலேயே தண்டவாளமும் ஓடுகிறதே, அதை நாங்கள் யோசிக்கவில்லை. பின்னால் யாழ்ப்பாணத்து ரயில் கூவிக்கொண்டு வந்தது.

லெச்சுமி இவ்வளவு கிட்டக் கேட்டிராத சத்தம் அது. காதை நிமிர்த்தினாள், ஒருதரம் உடம்பைச் சிலிர்த்தாள், பிறகு பாய்ந்தாள். இவர் கயிற்றை விடவில்லை. மாடும் மனிசனும் புழுதியுமாக முன்னால் ஓட, வீமன் ரயிலைத் துரத்திக்கொண்டு ஓட, நான் தலைக்கட்டைப் பிடித்தபடி எல்லாருக்கும் பின்னால் ஓடினேன். ரயிலில் இருந்த பிள்ளைகள் யன்னலால் கை காட்டினார்கள். ஓடிக்கொண்டே நானும் கை காட்டினேன் என்று இவர் பிறகு பலகாலம் சொல்லிச் சிரிப்பார்.

ரயில் போய்விட்டது. லெச்சுமி நின்றாள். நாலு அடி நடந்தாள். முதுகை வளைத்தாள். அப்படியே வீதி நடுவில் உட்கார்ந்தாள்.

களைப்பு என்று நினைத்தோம். பஸ் வந்து நின்று ஹோன் அடித்ததும் அப்போதுதான். பிறகு நான் பின்னால் போய்ப் பார்த்தேன். வால் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தது. தண்ணீர்க்குடம் உடைந்து தார் வீதி நனைந்திருந்தது.

"இஞ்சருங்கோ, கண்டு வருகுது" என்றேன்.

சின்னக் கை

அது முல்லைத்தீவுக்குப் போகிற பஸ். முதலில் டிரைவர் இறங்கினார், பிறகு கொண்டக்டர், பிறகு ஒருவர் ஒருவராகப் பஸ் முழுக்க இறங்கியது. வெள்ளை லோங்ஸ் காற்சட்டை போட்ட ஒரு வாத்தியார் புதுப் பள்ளிக்கூடத்தில் பொறுப்பெடுக்கப் போகிறவராம். நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இழுத்து ஓரத்தில் விடலாம் என்றார் ஒருவர். இழுத்தால் தாயும் போகும் கன்றும் போகும் என்றார் இன்னொருவர். ஆளுக்கு ஆள் ஒரு யோசனை சொன்னார்கள். அதற்குள் ஒரு குளம்பு வெளியே தெரிந்தது. ஒன்றுதான். பக்கத்தில் மூக்கு நுனி. மற்றக் காலைக் காணவில்லை.

லெச்சுமி முக்கினாள். ஒன்றும் அசையவில்லை. கழுத்தை நீட்டி நிலத்தில் போட்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அதுவரை எல்லாம் எனக்கு விளையாட்டாக இருந்திருக்கிறது. நான் நடத்திக்கொண்டு போகிறேன் என்று வாய்விட்டதும் நான், இந்த வெட்டைவெளிக்குக் கொண்டு வந்ததும் நான். இங்கே மாட்டு வைத்தியரும் இல்லை, ஐயாவும் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மனிசி வந்தா. கறுத்த, உயரமான உடம்பு, கழுத்தில் செபமாலை. பெயர் றோசம்மா. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பம், பாசையூரில் தங்கச்சியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடிந்து திரும்புகிறா. இதெல்லாம் பிறகு தெரிந்தது. வந்தவுடன் அவா கேட்டது ஒன்றைத்தான்: மாடு ஆற்றை, உங்கடையோ?

எங்கட என்றேன்.

காலொன்று உள்ளே மடங்கிக் கிடக்கிறது, எடுத்துவிட்டால்தான் வரும் என்றா. இவர் போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கைகளைக் கழுவி முயன்று பார்த்தார். காடு வெட்டிய கை, விரலெல்லாம் காய்த்துத் தடித்திருந்தது. லெச்சுமி வலியில் கத்தினாள். இவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

றோசம்மாக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா.

"உன்ர கைதான் பிள்ளை சின்னக் கை. இரு."

எனக்குத் தெரியாது என்றேன். மாடு கன்று போடும்போது ஐயாவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. அவா தன் பையிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்தா. தங்களுடைய வீட்டில் ஆடுதான், ஆனாலும் இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான் என்றா. சுற்றி நின்ற ஆம்பிளைகள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

முதலில் கையைக் கழுவத் தண்ணீர் வேண்டும். கம்புகளுக்கென்று கொண்டு வந்த தண்ணீரில் இவர் கழுவியதுபோக மிச்சத்தை ஊற்றினேன். போத்தல் காலியானது. றோசம்மாக்கா முழங்கைவரை எண்ணெய் ஊற்றினா. பிறகு வீதியில் முழங்காலில் இருந்தேன்.

"அது முக்கேக்கை சும்மா இரு. விடேக்கை உள்ள போ" என்றா றோசம்மாக்கா.

உள்ளே சூடாக இருந்தது. ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் வழுக்கியது. லெச்சுமி முக்கும்போது என் கை எலும்பு நொறுங்குவதுபோல இருந்தது. பொறுத்துக்கொண்டேன். அவள் விட்டதும் இன்னும் கொஞ்சம் போனேன். கன்றின் கழுத்து, நெஞ்சு, அதற்குக் கீழே மடங்கிய முழங்கால். தடவிக்கொண்டு போய்க் குளம்பைப் பிடித்தேன். குளம்பை உள்ளங்கையால் பொத்தி, தாயைக் கிழிக்காமல் மெல்லத் திருப்பச் சொன்னா. திருப்பினேன். வரவில்லை. வழுக்கிவிட்டது. திரும்பப் பிடித்தேன். இவர் லெச்சுமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று மணலை அள்ளி அடித்தது. யாரும் சொல்லாமலே ஆம்பிளைகள் குடைகளை விரித்துக் காற்றுப் பக்கம் ஒரு வரிசையாக வந்து நின்றார்கள். மாட்டின் வாலை யாரோ ஒதுக்கிப் பிடித்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் அந்த வெள்ளை லோங்ஸ் வாத்தியார்.

சட்டென்று கால் நேராகியது. இரண்டு குளம்பும் பக்கத்தில் பக்கத்தில் வெளியே வந்தன.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரு நொடி. லெச்சுமி முக்கினாள், நானும் றோசம்மாக்காவும் இழுத்தோம், கன்று வழுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தது. கொதிக்கக் கொதிக்க, ஈரமாக, பாரமாக.

ஆனால் அது மூச்சு விடவில்லை.

இவர் பாய்ந்து வந்தார். வாய்க்குள் விரலை விட்டு வழித்தார். டிரைவரும் இவரும் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்கள். மூக்கால் நீர் வடிந்தது. கன்று துணிபோலத் தொங்கியது. கீழே கிடத்தி, பஸ் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை முறித்து மூக்குக்குள் விட்டு ஆட்டினார் இவர். விலா எலும்பைத் தேய்த்தார்.

கன்று தும்மியது.

பிறகு தலையை ஆட்டி இன்னொரு தும்மல். பஸ் சனம் முழுக்கக் கை தட்டியது. கொண்டக்டர் விசிலை எடுத்து ஊதினார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. லெச்சுமி எழும்பி நின்று, எங்கள் எல்லாரையும் இடித்து விலக்கிவிட்டுத் தன் பிள்ளையை நக்கத் தொடங்கினாள். பசுக்கன்று. தாயைப்போலவே நெற்றியில் சுட்டி.

யார் கயிறு பிடிக்கிறது?

பஸ் புறப்பட வேண்டும். என் கோலத்தைப் பார்த்த டிரைவர் ரேடியேற்றருக்கு வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் தந்தார். பாதியை லெச்சுமி குடித்தாள். மிச்சத்தில் நான் கை கழுவினேன். சேலை முழுக்க இரத்தம்.

பஸ்ஸில் எனக்கு இடம் தருவதாகக் கொண்டக்டர் சொன்னார். காசு வேண்டாமாம்.

"நீர் இவையளோட பரந்தனுக்குப் போம்" என்றார் இவர். "இந்தக் கோலத்தில உம்மை நடக்க விடேலாது. நான் பின்னால வாறன்."

"கண்டை நீங்கள்தான் தூக்க வேணும்" என்றேன். "அப்ப கயித்தை ஆர் பிடிக்கிறது?"

இவர் குனிந்து கன்றைத் தூக்கிப் பாரம் பார்த்தார்.

றோசம்மாக்கா சிரித்தா. இவள் பஸ்ஸில் ஏற மாட்டாள், தம்பி, வீணாய் மினக்கெடாதையும் என்றா. பிறகு என் சாக்குக்கட்டைப் பார்த்தா. சாக்கு காய்ந்து, முருங்கைத் தடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கட்டை அவிழ்த்து, கம்புகளைத் தன் மடியில் அள்ளிக்கொண்டா. பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் தண்ணி வாளிக்குள் போட்டுவிடச் சொல்லுவாவாம், நாங்கள் போகும்போது எடுக்கலாமாம். சாக்கு எங்களுக்கு வேண்டும், ஏனென்றால் மாட்டின் நஞ்சுக்கொடி விழுந்ததும் அதில் கட்டி, ஒரு ஆலமரம் பார்த்துத் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் மாட்டுக்குப் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீமனுக்கு வேறு வழக்கம். அந்தச் சாக்கை அவனிடமிருந்து காப்பாற்றுவதே மிச்ச வழிக்கு எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

இவர் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். லெச்சுமியை இழுக்கவே தேவையில்லை. கன்றின் மூக்கை மோந்து மோந்து இவருடைய முதுகை இடித்துக்கொண்டு வந்தாள். அன்றிரவு உமையாள்புரத்தில் ஒரு வண்டிக்காரர் வீட்டில் இடம் தந்தார்கள். அவருக்கு மறுநாள் கிளிநொச்சிப் பக்கம் போகிற வேலை. வண்டியில் வைக்கோல் பரப்பி, என்னையும் கன்றையும் ஏற்றினார். லெச்சுமி பின்னால் நடந்தாள். நடந்து நடந்து எனக்குக் கால் வீங்கியிருந்தது. இவர் சொல்லி வண்டியில் ஏறியது அந்த ஒரு தடவைதான்.

எங்களுக்கு முன்னே போன கதை

வெயில் ஏறியதும் கன்றை இவருடைய சால்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வைக்கோலில் சாய்ந்திருந்தேன். பரந்தனுக்குக் கிட்ட ஒருவர் சைக்கிளை நிறுத்தி, எங்களைப் பார்த்துத் தலையாட்டி, வண்டிக்காரரிடம் மெல்ல ஓட்டச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு விளங்கவில்லை.

சந்தித் தேத்தண்ணிக் கடையில் இவர் கம்புகளை எடுக்க இறங்கினார். கடைக்காரர் வண்டியை எட்டிப் பார்த்தார். கேட்காமலே எனக்கு ஒரு மூக்குப்பேணி நிறைய இஞ்சிபோட்ட கோப்பி கொடுத்தனுப்பினார். பிறகு இவரிடம் குரலைத் தாழ்த்தி, தாயும் பிள்ளையும் சுகமோ என்று கேட்டார்.

சுகம் என்றார் இவர்.

"என்ன பிள்ளை?"

"பசுக்கண்டு."

கடைக்காரர் கொஞ்ச நேரம் இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு வாளியைக் கொண்டுவந்து கொடுத்தார். கம்புகள் பச்சையாகவே இருந்தன. செவ்வரத்தையில் ஒன்று குறைந்தது. அதைத் தான் கொண்டுபோனதாகச் சொல்லச் சொன்னாவாம் றோசம்மாக்கா.

பின்னேரமானபோது வண்டி வாய்க்கால் கரையால் திரும்பியது. இரண்டு பக்கமும் புது வேலிகள், புதுக் குடில்கள், வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள். இவர் சொன்ன மயில் ஒன்று வரம்பில் நின்றது. நான் எழும்பி இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு யோசனையும் வந்தது. மாடு வந்துவிட்டது, கன்று வந்துவிட்டது, நாய்கூட வந்துவிட்டது. ஆனால் இந்த வேலிகளுக்குப் பின்னால் இருக்கிற ஒருவரையும் எனக்குத் தெரியாது.

சுடுதண்ணீரோடு வந்தவர்கள்

வண்டிக்காரர் எங்களை வேலிப் படலையடியில் இறக்கிவிட்டுப் போனார். இவர் லெச்சுமியைக் கட்டப் பின்னால் போனார். நான் கன்றைச் சால்வையோடு தூக்கிக்கொண்டு குடிலுக்குள் போய், ஒரு மூலையில் வைக்கோலில் கிடத்தினேன். நிமிர்வதற்குள் வாசலில் ஆளரவம்.

நாலு பெண்கள். முன்னால் நின்றவா கையில் ஆவி பறக்கிற ஒரு பெரிய பானை. அடுத்தவா சட்டி நிறையச் சோறும் சரக்குக் கறியும், மிளகும் உள்ளியும் சீரகமும் மணக்க மணக்க. பின்னால் இரண்டு பேர் பாயும் தலையணியும் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஏன் மோனை எழும்பி நிக்கிறாய்? படு, படு" என்றா பானையோடு நின்றவா. அவாதான் தங்கம்மாக்கா. பக்கத்துக் காணி, பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம்.

நான் வாய் திறக்குமுன் என்னைப் பாயில் கிடத்திவிட்டார்கள். ஒருத்தி என் காலைப் பிடித்துப் பார்த்து, வீங்கித்தான் கிடக்கு என்றாள். ஆனையிறவு வழியில் பிள்ளைப்பெற்ற பெட்டை, பஸ் சனம்தான் குடை பிடித்ததாம், தாய் தகப்பன் ஒருவரும் பக்கத்தில் இல்லையாம் என்று பரந்தனிலிருந்து கதை வந்ததிலிருந்து காலைமுதல் காத்துக்கொண்டிருந்தார்களாம். தங்கம்மாக்கா மூலைக்குப் போய்ச் சால்வையை மெல்ல விலக்கினா.

கன்று தலையை நீட்டி அவாவின் விரலைச் சப்பியது.

தங்கம்மாக்கா என்னைப் பார்த்தா. கன்றைப் பார்த்தா. திரும்ப என்னைப் பார்த்தா. பிறகு நிலத்தில் இருந்துவிட்டா. சிரிப்பு முதலில் அவாவின் தோளில்தான் தொடங்கியது. அப்புறம் ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. என்னவோ ஏதோ என்று ஓடிவந்த இவரைக் கண்டதும் எல்லாருக்கும் இன்னும் கூடியது.

நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பிந்தி வந்தவர்களுக்குத் திரும்பவும் சொன்னேன். இருட்டுமுன் மூன்றாம் தடவை சொன்னபோது, குடை பிடித்தவர்களின் தொகையை நானே கொஞ்சம் கூட்டிவிட்டேன்.

பிள்ளைபெற்றவளுக்கென்று அரைத்த சரக்கை வீணாக்கக்கூடாது என்று எனக்கு முன்னால் உட்கார்ந்து என்னைத் தின்ன வைத்தார்கள். எவ்வளவு பசி என்று அப்போதுதான் தெரிந்தது. சுடுதண்ணீரில் என் காலைக் கழுவினார்கள். கன்று போட்ட லெச்சுமியின் கடும்புப் பாலில் சர்க்கரை போட்டுக் காய்ச்சி எல்லாரும் குடித்தோம். பிறகு வாளியில் கிடந்த கம்புகளைக் கண்ட தங்கம்மாக்கா, இன்றைக்கே நடாவிட்டால் வாடிவிடும் என்று மண்வெட்டி எடுத்துவர ஆள் அனுப்பினா. மாதுளை கிணற்றடியில் வேண்டுமென்றாள் ஒருத்தி, வாசலில் வேண்டுமென்றாள் இன்னொருத்தி. என் தோட்டத்துக்கு நாலு பேர் சண்டை பிடித்தார்கள். நான் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எங்கே நட்டாலும் சம்மதம்.

போகும்போது தங்கம்மாக்கா இடுப்பில் செருகியிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்தா. பழஞ்சேலையை மிருதுவான இடமாகப் பார்த்துக் கிழித்து, மடித்த பிள்ளைத் துணிகள்.

"இதை நான் திருப்பிக் கொண்டுபோக ஏலாது. வைச்சிரு, தேவைப்படும்" என்றா.

வைத்திருந்தேன். இரண்டு வருஷம் கழித்து மூத்தவள் பிறந்தபோதுதான் தேவைப்பட்டது. எடுத்துப் பார்த்தால் பாதிதான் இருந்தது. மிச்சத்தைக் கன்று தின்றிருந்தது.

தங்கம்மாக்கா இன்னொரு சேலையைக் கிழித்தா.